முனியப்பனுக்குக் கொடுத்த சங்கிலி வண்டி

வெப்பாலை மரத்தைப் பச்சையாக வெட்டினால் பால் வடியும். பால் காய்ந்தபின் அந்த மரத்தைச் செதுக்கினால் பாகற்காய் நறுக்குகிற மாதிரி ஒரு கசந்த வாசனை எழுந்து, செதுக்குகிறவன் கையிலும் சட்டையிலும், பக்கத்தில் குத்தவைத்து வேடிக்கை பார்க்கிறவர்களின் தலைமுடியிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும், சீயக்காய் தேய்த்துக் குளித்தாலும் லேசில் இறங்காது. யுத்தம் நடந்த வருஷங்களில் என் அண்ணன் செல்லமுத்து பட்டாளத்திலிருந்து லீவில் வந்து, எங்கள் மாட்டுக் கட்டுத்தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு பட்டாளத்து வண்டியை மரத்தில் செதுக்கினான். அந்த வண்டியின் வாசனை அது. மற்றவர்களுக்கு இளமைக்காலத்து வாசனை நினைவுக்கு வந்தால் நெஞ்சு இனிக்குமோ என்னவோ, எனக்கு வயிறு எரிகிறது. எழுபது வயதுக் கிழவிக்கு இவ்வளவு கோபம் உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொல்கிறார். அவருக்கென்ன, சொல்லுவார், அவர் வீட்டு வண்டியையா தூக்கிக்கொண்டு போனார்கள்?

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கும் மல்லசமுத்திரத்துக்கும் நடுவே, சோளமும் நிலக்கடலையும் தவிர வேறெதற்கும் இணங்காத மேட்டுக்காட்டு ஊர். அப்பாவை 'ஐயன்' என்றும் அம்மாவை 'ஆத்தா' என்றும் கூப்பிடுகிற வீடு எங்களுடையது. ஆனால் ஐயன் என்று கூப்பிட எனக்கு வாய்க்கவில்லை, நான் தவழ்கிற வயதிலேயே அவர் போய்விட்டார். இருந்த நாலு ஏக்கரையும் ஆத்தாதான் ஆள் வைத்து ஓட்டினாள். அண்ணன் காட்டு வேலைக்கு வணங்காமல் திருச்செங்கோட்டில் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்து, கண் காதெல்லாம் கரியோடு அலைந்து, வண்டி ஓட்டப் பழகிக்கொண்டான். பிறகு ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் சேலத்துக்குப் போய்ப் பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றான். ஆத்தா அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கவில்லை. "பெத்த மனசு பித்து, புள்ள மனசு கல்லு" என்று முறத்தைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் போய்விட்டான்.

போன பையன் ஒரு வருஷம் கழித்து லீவில் வந்தபோது ஆத்தா கேட்ட ஒரே கேள்வி, அங்கே என்ன வண்டிடா ஓட்டற என்பதுதான். பஸ்ஸா, லாரியா என்று கேட்டாள். இரண்டும் இல்லை, 'கேரியர்' என்றான். அதை எப்படிச் சொல்லியும் ஆத்தாவுக்குப் புரியவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற கல்தொட்டியைக் காட்டி, "இந்தத் தொட்டி இரும்புல இருக்கறதா நெனச்சுக்க ஆத்தா, மேல கூரை கெடையாது, ரெண்டு பக்கமும் சங்கிலி மாட்டியிருக்கும், சக்கரம் தரையத் தொடாது, சங்கிலி மேலதான் உருளும்" என்றான். சக்கரம் தரையைத் தொடாமல் வண்டி ஓடுமா? "கேக்கறவ கேனையா இருந்தா கேப்பைல நெய் வடியுதும்பே" என்று ஆத்தா எழுந்து போய்விட்டாள். அந்த ரோசத்தில்தான் அவன் வாய்க்கால் மேட்டு வெப்பாலையில் ஒரு கிளையை வெட்டி வந்து போட்டான்.

அதை அவன் செய்த அழகை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு முழ நீளம் இருக்கும். முன்பக்கம் சரிவாக, துப்பாக்கி நீட்டுகிற சந்தோடு, நடுவில் எஞ்சினுக்கு ஒரு மேடு வைத்து, உள்ளே இரண்டு இருக்கை குடைந்து, கதவே இல்லாமல், பார்க்கப் பார்க்க அது ஒரு முரட்டு எருமைக்கன்று மாதிரி உருவாகிக்கொண்டே வந்தது. சங்கிலிதான் பெரிய பாடு. மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலைக்கு வாளி மாதிரி தோலில் ஒரு பறி உண்டு அல்லவா, அதில் கிழிந்துபோன பழைய தோலை நாடாவாக அறுத்து, அதன்மேல் மரச்சில்லுகளை வரிசையாகக் கோத்துத் தைத்து, சின்னச் சக்கரங்களைச் சுற்றி மாட்டி, வாசலில் வைத்துத் தள்ளினான். கடகடவென்று சங்கிலி உருள, வண்டி குழிமேடெல்லாம் ஏறி இறங்கிப் போயிற்று. ஆத்தா வாயில் கை வைத்துக்கொண்டு, "அடேங்கப்பா, தம்பட தடத்தத் தானே விரிச்சு, தானே சுருட்டிக்கிட்டுப் போகுதே!" என்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவன் குதித்த குதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியாக, கட்டைவிரல் அளவில் ஒரு ஆளைச் செதுக்கி ஓட்டுகிற இருக்கையில் உட்காரவைத்தான். அது அவனேதான். மூக்குகூட அவனுடைய சப்பை மூக்கு. தலையில் மட்டும் கவிழ்த்த சட்டி மாதிரி ஒன்று இருந்தது. "தலைல எதுக்குடா சட்டியக் கவுத்துருக்கே?" என்று ஆத்தா சிரித்தாள். "குண்டு பட்டாத் தாங்கறதுக்கு ஆத்தா" என்று அவனும் சிரித்துக்கொண்டே சொன்னான். ஆத்தாவின் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. மகன் பார்க்கிற உத்தியோகம் என்ன என்று அந்தச் சட்டியைப் பார்த்துத்தான் அவளுக்கு உறைத்தது.

லீவு முடிந்து அவன் பர்மாப் பக்கம் போனபிறகு ஆத்தா செய்த காரியத்தைச் சொல்வதற்கு முன், எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே பனைமரங்களுக்கு நடுவில் மீசையும் அரிவாளுமாக உட்கார்ந்திருக்கும் முனியப்பனுக்கு நேர்ந்துகொண்டால் 'உருவாரம்' வைப்பார்கள். மாட்டுக்கு நோவு என்றால் மண்ணில் மாடு, பிள்ளைக்குச் சீக்கு என்றால் மண்ணில் பிள்ளை. வைப்பதற்கு முன் பூசாரி சுண்ணாம்பும் கரியும் குழைத்து அதற்குக் கண் திறப்பார். கண் இல்லாத உருவாரம் வெறும் பொம்மை, கண் திறந்துவிட்டால் அது சாமி சொத்து. அப்புறம் அது வெயிலில் வெடிக்கலாம், மழையில் கரையலாம், யாரும் தொடக்கூடாது. உடைந்து விழுந்த காதைக்கூட நாங்கள் எடுத்து விளையாடியதில்லை. யாருக்காக வைத்தார்களோ அவர் பிழைத்து வந்ததும், தன் உருவாரத்துக்கு முன்னால் பொங்கல் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் வீட்டு நிலையைத் தாண்ட வேண்டும். அதுவரை நேர்த்தி தீராது.

ஆத்தா அண்ணன் செய்த வண்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு முனியப்பனிடம் போனாள். பூசாரி திகைத்துவிட்டார். "மாடு வெப்பாங்க, மனுசன வெப்பாங்க, பட்டாளத்து வண்டிய எந்தச் சாமியாத்தா கேட்டுது?" என்றார். "எம்பட பையன் உசுரு இந்த வண்டிக்குள்ளதானுங்க கெடக்குது, அப்ப இதத்தானுங்க வெக்கோணும்" என்றாள் ஆத்தா. பூசாரி சுண்ணாம்பும் கரியும் குழைத்தார். வண்டியின் முகப்பில் இரண்டு பெரிய கண் எழுதினார். எழுதி முடித்ததும் ஆத்தா குனிந்து, இருக்கையிலிருந்த மர ஆளைப் பிடுங்கி இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, முனியப்பனைப் பார்த்துச் சண்டைக்காரி மாதிரி சொன்னாள்: "வண்டிய நீ வெச்சுக்க சாமி. ஆள எங்கிட்டத் திருப்பிக் குடுத்துரு."

இது ஊர் ஊராகப் பரவிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வேறு தாய்மார்களும் கேள்விப்பட்டு, ஆசாரியைப் பிடித்து, மகன் எதில் வேலை செய்கிறானோ அதை மரத்தில் செய்து கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார்கள். லாரி வந்தது, பீரங்கி வண்டி வந்தது. ஆசாரிகள் அதையெல்லாம் கண்ணால் கண்டவர்களா? பீரங்கிக்கு மாட்டு வண்டிச் சக்கரமும் ஏர்க்கால் மாதிரி ஒரு குழாயும் வைத்திருந்தார்கள். லாரிக்கு நுகத்தடி வைத்த புண்ணியவானும் உண்டு. மகன் பட்டாளத்தில் சமையல்காரன் என்று ஒரு அத்தை நாலு சக்கரம் வைத்த அண்டா ஒன்றைக் கொண்டுவந்தாள். எல்லாவற்றுக்கும் கண், எதற்குள்ளும் ஆள் கிடையாது. ஆட்களை அவரவர் ஆத்தாமார் மடியில் முடிந்து வைத்திருந்தார்கள். முனியப்பன் முன்னால் ஒரு மரப்பட்டாளமே விழித்துக்கொண்டு வரிசையாக நின்றது. சிரிப்பு வருகிறதா? எனக்கும் அப்போது வந்தது. அந்தப் பெண்களுக்கு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாமக்கல்லில் யுத்த நிதிக்காக ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஒவ்வொரு ஊரும் ஏதாவது கொண்டுவந்து வைத்து, அதை விற்று நிதியில் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு. எங்கள் ஊர் மணியக்காரர், அதாவது தீர்வை வசூலித்துச் சர்க்காருக்குப் பதில் சொல்கிற ஊர்த்தலைவர், வீட்டில் எத்தனையோ வைத்திருந்தார். குத்துவிளக்கைக் கொடுத்திருக்கலாம், ஒரு மூட்டைக் கடலையைக் கொடுத்திருக்கலாம். கொடுப்பாரா? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற ஆட்களையாவது பார்த்திருக்கிறோம். இந்த மனுஷர் பிள்ளையாரின் தேங்காயையே எடுத்துத் தாசில்தார் வாசலில் உடைக்கப் புறப்பட்டார். தலையாரியைக் கூப்பிட்டு, வண்டி கட்டிக்கொண்டு போய் முனியப்பன் கோயிலில் இருக்கிற பட்டாளத்துப் பொம்மைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்.

தலையாரி மணியக்காரருக்கு எடுபிடி. அவர் கண்ணைக் காட்டினால் ஓட வேண்டிய, நின்று ஏன் என்று கேட்கமுடியாத, சேரியிலிருந்து வருகிற மனிதன். நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் வைக்கோல் பரப்பி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டிருந்தான். பூசாரி தலையில் அடித்துக்கொண்டிருந்தார். ஆத்தா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். மணியக்காரர் குடையை ஊன்றிக்கொண்டு, "சர்க்கார் காரியம் புள்ளே, உம்மகன் சர்க்கார் சோறு திங்கறானா இல்லியா? கைய எடு" என்றார். ஊரே நின்று பார்த்தது. 'சாமி சொத்து குல நாசம்' என்று தினம் ஒருமுறை சொல்லுகிற பெரிய மனிதர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு, "என்ன பண்றது, கெரகம்" என்று ஆத்தாவுக்கு ஆறுதல் சொல்ல மட்டும் வந்தார்கள். ஆறுதலாம், ஆறுதல்!

ஆத்தா விடவில்லை. கண்காட்சி தொடங்குகிற அன்றைக்குக் கோழி கூப்பிட வண்டி பூட்டி, என்னையும் ஏற்றிக்கொண்டு நாமக்கல்லுக்குப் போனாள். மேலே கோட்டை இருக்கிற பாறையின் அடிவாரத்தில் பெரிய பந்தல். பேண்டு வாத்தியம், கலர் காகிதத் தோரணம். உள்ளே மேடையில் எங்கள் மரப்பட்டாளம் இருந்தது. முதலில் எங்களுக்கு அடையாளமே தெரியவில்லை. வண்டிகளைக் கழுவித் தேய்த்துப் பச்சை வர்ணம் அடித்திருந்தார்கள். கண்களைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை என்று சொல்லவைக்கிற அளவுக்கு இன்னொன்று செய்திருந்தார்கள்: இருக்கை காலியாக இருப்பது பார்வைக்கு நன்றாயில்லை என்று யாரோ ஒரு மேதாவிக்குத் தோன்றி, கன்னத்தில் சிவப்புச் சாயம் பூசிய ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் பொம்மையைச் செய்து, என் அண்ணன் உட்கார்கிற இடத்தில் உட்காரவைத்திருந்தார்கள்.

கீழே ஒரு பலகை. "என்ன எழுதியிருக்குது சாமி?" என்று ஆத்தா என்னைக் கேட்டாள். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ராஜவிசுவாசமுள்ள கிராமத்தார் யுத்த நிதிக்கு மனமுவந்து அளித்த பொம்மைகள் என்று எழுதி, மணியக்காரரின் பெயரைப் போட்டிருந்தது. 'மனமுவந்து' என்றால் என்ன என்று ஆத்தா கேட்டாள். சந்தோஷமாக என்றேன். பிற்காலத்தில் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன், அந்த வார்த்தை பாடத்தில் வரும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடித்துக்கொள்ளத் தோன்றும்.

ஆத்தா மேடைமேல் ஏறிவிட்டாள். எங்கள் வண்டிக்கு நேராகப் போய், அந்த வெள்ளைக்காரப் பொம்மையைப் பார்த்து, "எறங்குடா! இது எம்பட பையன் உக்கார்ற எடம்! எறங்குடா!" என்று கத்திக்கொண்டு அதைப் பிடுங்கினாள். பேண்டு வாத்தியம் நின்றுபோயிற்று. போலீஸ்காரர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார். தாசில்தார் வந்தார், நல்ல மாதிரிதான் பேசினார், அதுதான் இன்னும் எரிச்சல். "ஏம்மா, ராஜாவுக்காக மகனையே கொடுத்திருக்கிறாய், ஒரு பொம்மையைக் கொடுக்க மனமில்லையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஆத்தா சொன்னாள்: "மகனக் குடுத்தாச்சுங்க. இது சாமிக்குக் குடுத்ததுங்க. ஒருத்தருக்குக் குடுத்தத எடுத்து இன்னொருத்தருக்கு எப்படிங்க குடுக்கறது?" பதில் இல்லாவிட்டால் என்ன, போலீஸ்காரர் இருந்தார். எங்களைப் பந்தலுக்கு வெளியே கொண்டுவந்து விட்டார். ஆத்தாவின் உள்ளங்கைக்குள் அந்தச் சிப்பாய் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வழியில் கமலாலயக் குளத்தில் அவனை வீசி எறிந்துவிட்டு வண்டி ஏறினாள்.

அப்புறம் யுத்தம் முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டில் பயம் ஒன்றுதான் குடியிருந்தது. வண்டி முனியப்பனிடம் இல்லை. அப்படியானால் மகன் திரும்பி வருவதற்குப் பிணை ஏது? இதுதான் ஆத்தாவின் கணக்கு. நான் படித்தவள், அதை நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். அவள் நம்பினாள். தபால்காரர் இரண்டு பக்கமும் வேலி போட்ட எங்கள் இட்டேரித் தடத்தில் சைக்கிளைத் திருப்பினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவாள். சக்கரம் வைத்த அண்டாவை வைத்தாளே அந்த அத்தை, அவள் மகன் வரவே இல்லை. அதைக் கேட்ட நாளிலிருந்து ஆத்தா சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஆனால் அண்ணன் வந்தான். மல்லசமுத்திரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, தோளில் ஒரு பையோடு, காய்ச்சலுக்குக் கொடுத்த மாத்திரையைத் தின்று தின்று உடம்பெல்லாம் மஞ்சள் பூத்து, ஒரு நடுப்பகலில் வாசலில் வந்து நின்றான். ஆத்தா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். சுருக்குப்பையிலிருந்து மர ஆளை எடுத்து அவன் கையில் வைத்தாள். "என்னய விட இவன் குண்டா இருக்கறான்" என்று சிரித்தான். வண்டி என்னடா ஆச்சு என்று கேட்டாள். "ஆத்துச் சேத்துல மாட்டிக்கிச்சு ஆத்தா. குண்டு உழுந்துக்கிட்டு இருந்துது. வண்டிய உட்டுட்டு நாங்க மட்டும் தப்பிச்சு வந்தோம்" என்றான்.

ஆத்தாவின் முகம் மாறிவிட்டது. அவள் கேட்டது என்ன? வண்டியை நீ வைத்துக்கொள், ஆளை எனக்குக் கொடு. முனியப்பன் அதை அப்படியே செய்துவிட்டான். வாக்கைக் காப்பாற்றாமல் நிற்பது அவள்தான். பொங்கல் வைக்க அங்கே உருவாரமே இல்லை. "ஊட்டுக்குள்ள கால வெச்சுறாதடா கண்ணு" என்று மகனைப் படிக்குக் கீழே நிறுத்திவிட்டாள். வேறொன்று செய்து தருகிறேன் என்று அவன் சொன்னதற்கு, "சாமிகிட்டக் குடுத்தத மாத்திக் குடுக்க அதென்ன சந்தைக்கடையா?" என்றாள். யுத்தத்திலிருந்து பிழைத்து வந்தவன் சொந்த வீட்டுக்கு வெளியே கட்டுத்தரையில் மாடுகளோடு படுத்தான். எனக்கு ஆத்தாமேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அவன் என்னவோ, "மாசக்கணக்கா மழைல கெடந்த ஒடம்பு புள்ளே, இது மெத்தையாட்ட இருக்குது" என்று கால் நீட்டித் தூங்கினான்.

மறுநாள் காலையில் ஆத்தா மணியக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றாள். நானும் கூடப் போனேன். "வண்டியக் கொண்டா" என்றாள். அதுவரைக்கும் அந்த ஆளிடம் 'ங்க' போடாமல் பேசிய மனுஷி எங்கள் ஊரில் கிடையாது. அவர் திடுக்கிட்டுப்போனார். அதை யாரோ மில்காரர் வாங்கி ஒரு துரைசானிக்குப் பரிசு கொடுத்து, அவள் அதைச் சீமைக்கே கொண்டுபோய்விட்டாள் என்றார். "கப்பலேறிப் போனதுக்கு நான் என்ன பண்றது? அதான் உம்மகன் வந்துட்டானே, அப்புறம் என்ன?" என்றார். அதான் வந்துவிட்டானே! இந்தப் பேச்சைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. இவர் எடுத்ததால் கெட்டது எதுவும் இல்லையாம். அந்த அண்டாக்காரி அத்தையிடம் போய் இதைச் சொல்லட்டுமே!

"வந்தவன் எங்க நிக்கறான்னு வந்து பாரு. மாட்டோட மாடா நிக்கறான்" என்றாள் ஆத்தா. "உருவாரத்த எடுத்தவன் உருவாரமா நிக்கோணும். நாளைக்குப் பொழுது கெளம்பறப்ப வந்து, பொழுது உழுவற மட்டும் முனியப்பன் முன்னால நில்லு. அப்பத்தான் எம்பட பையன் ஊட்டுக்குள்ள வருவான்." பூசாரியும் அது உண்டு என்றார், முன்பு ஒருவர் மண்குதிரையை மிதித்து உடைத்துவிட்டு அப்படி நின்று தீர்த்திருக்கிறாராம். கூட்டம் கூடிவிட்டது, யுத்தமும் முடிந்துவிட்டது, இப்போது எல்லாருக்கும் வாய் திறந்துகொண்டது. மணியக்காரர் நாலு பக்கமும் பார்த்தார். "செரி செரி, வாரேன் போ" என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் நாங்கள் பொங்கல் பானையோடு போனபோது முனியப்பன் முன்னால் ஆள் நின்றது. மரப்பட்டாளம் நின்ற அதே இடம், கை கூப்பி, செருப்பில்லாத கால், தலையில் துண்டுகூட இல்லை. ஆனால் அது மணியக்காரர் இல்லை. தலையாரி.

"வண்டில ஏத்துனவன் அவன்தான், அவனே நிக்கட்டும்" என்று சொல்லியனுப்பிவிட்டாராம் அந்தப் பெரிய மனிதர். ஆத்தா பானையை இறக்கி வைத்தாள். "உன்னய யாரு சாமி கூப்புட்டா? நீ என்ன பண்ணுவே, சொன்னதச் செஞ்சே. போ, போய்க் கஞ்சி குடி" என்றாள். அவன் நகரவில்லை. "ஏத்துனது இந்தக் கையிதானுங்க ஆத்தா" என்றான். கூப்பிய கையை இறக்காமல், "அவிய வரமாட்டாங்க. நானும் போயிட்டன்னா உங்க பையன் எத்தன நாளைக்குங்க வெளிய கெடப்பான்? நான் நின்னுட்டே போறனுங்க" என்றான். பங்குனி வெயில். பனைமர நிழல் ஒன்றும் அந்த இடத்துக்கு வராது. அவன் நின்றான். அண்ணன் போய்த் தண்ணீர் கொடுத்தான், வாங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் கை கூப்பினான். பொழுது விழுந்ததும் பூசாரி அவன் நெற்றியில் திருநீறு தூவிவிட்டு, நேர்த்தி தீர்ந்தது என்றார். ஆத்தா பொங்கலைப் படைத்துவிட்டு, அண்ணன் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துவந்து நிலையைத் தாண்டவைத்தாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் மணியக்காரரை மட்டும் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். தலையாரியும் எங்களோடு வீடுவரை வந்திருந்தான். வெயிலில் நின்ற கால் வீங்கியிருந்தது. அண்ணன் உள்ளேயிருந்து திரும்பிப் பார்த்து, "அவனையும் உள்ள வரச் சொல்லு ஆத்தா, பட்டாளத்துல நாங்க எல்லாருமா ஒரே அண்டாச் சோத்தத்தான் தின்னோம்" என்றான். போலீஸ்காரருக்குப் பயப்படாத, தாசில்தாருக்குப் பயப்படாத என் ஆத்தா, முனியப்பனோடேயே பேரம் பேசிய என் ஆத்தா, தெருவை இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தாள். "ஊரு என்னடா சொல்லும்" என்றாள். பொங்கலை அவளே கொண்டுபோய் வாசலுக்கு வெளியே, அவன் நீட்டிய கொட்டாங்குச்சியில் கைபடாமல் உயரத்திலிருந்து போட்டாள், நிறையத்தான் போட்டாள். அவன் குத்தவைத்துத் தின்றுவிட்டு, "வாரனுங்க ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு அண்ணனும் இரண்டாவது கவளம் எடுக்கவில்லை.

அந்த வீடு இப்போது இல்லை, இடித்துவிட்டு மேலே இரண்டு மாடி எழுப்பிவிட்டார்கள். மணியக்காரர் என்ற பதவியையும் சர்க்கார் ஒழித்தாயிற்று. ஒழிந்ததற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. எங்கள் சங்கிலி வண்டி எந்தச் சீமை வீட்டு அலமாரியில் பச்சை வர்ணத்தோடு நிற்கிறதோ, இல்லை அடுப்பெரித்துவிட்டார்களோ தெரியாது. உருவாரம் நின்ற இடத்தில் சிமெண்டுத் தளம் போட்டு, லாரிகளுக்குப் பூசை போட வசதி செய்திருக்கிறார்கள். முகப்பில் பெரிய வளைவு. அதில் முதல் பெயர் மணியக்காரர் வீட்டாருடையது. தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நானும் இத்தனை காலமாகப் பார்க்கிறேன், நின்றுகொண்டுதான் இருக்கிறது.

போன மாதம் கோயில் கமிட்டிப் பையன்கள் நன்கொடை கேட்டு என்னிடம் வந்தார்கள். தருகிறேன், ஆனால் வளைவில் என் பெயர் வேண்டாம், மாரி என்று ஒரு பெயரைப் போடுங்கள் என்றேன். அதுதான் அந்தத் தலையாரியின் பெயர். அவர் யார், அந்த இடத்தில் என்ன செய்தார் என்று எல்லாவற்றையும் உட்காரவைத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். முடிந்ததும் அவர்களில் ஒருவன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அவிய பேரையெல்லாம் வளைவுல போட்டா ஊரு என்னங்க சொல்லும்?" என்று கேட்டான். கேட்டவன் மணியக்காரர் வீட்டுப் பையன் அல்ல. என் அண்ணனின் பேரன்.